தாட்புணரியல்

தாளை வெட்டி, மடித்து, ஒட்டிப் பெரும்பொருள்களின் சிற்றளவு வடிவைச் சமைக்கும் தொழிலுக்குத் தாள்வடிவாக்கம் என்று பெயர். அதன் உறுப்புகள் மூன்று: வெட்டு, மடிப்பு, ஒட்டு. இவற்றுள் வெட்டும் மடிப்பும் கத்தரி உடையார் எவர்க்கும் கைவருவன. ஒட்டு அவ்வாறன்று, ஆசிரியன்பால் கேட்டுத் தெளியத் தக்கது. ஆகலின் இந்நூல் முன்னிரண்டையும் விடுத்து ஒட்டு ஒன்றனையே எடுத்துக்கொள்கிறது.

பாயிரத்துக்குரியவற்றை முதலில் உரைப்பல். இந்நூலின் எல்லை: வடக்கே மாரேட்பள்ளி, தெற்கே சார்மினார், கிழக்கே தார்நாக்கா, மேற்கே மெகதிப்பட்டணம். ஐதராபாத்தில் இந்நான்கு எல்லைக்குள் வழங்கும் ஒட்டே ஈண்டு ஒட்டு எனப்படும். கேட்போர்: ஒன்பது அகவை நிரம்பிய சிறாரும், மறுநாள் காலை பள்ளியில் ஒப்படைக்க வேண்டிய கைவேலையை முன்னிரவில் தாமே செய்து முடிக்கும் அவர்தம் பெற்றோரும். பயன்: பத்மாராவ் நகர்த் தமிழ் இல்லங்களில் கொலுப்படிகளின் அடியில் அமையும் பூங்காவில் தாள் சார்மினார் ஒன்பது இரவும் சாயாது நிற்றல்.

நூலுக்கு எடுத்துக்காட்டுப் பொருள் ஒன்று வேண்டும். சொல்லிலக்கணத்தார் சாத்தனையும் கொற்றனையும் கொண்டாற்போல் நாம் சார்மினாரைக் கொள்வோம். அது முகம்மது குலி குதுப் ஷா 1591இல் எழுப்பியது. அடிப்பக்கம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மீட்டர். மூலைதோறும் நிற்கும் நெடுந்தூண் ஏறத்தாழ 56 மீட்டர். இதனை இருநூற்றில் ஒரு கூறாகச் சுருக்கினால் பக்கம் 10 செ.மீ., நெடுந்தூண் 28 செ.மீ. ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ. என்பதை மாணாக்கன் அறிவான். மேலும் கீழும் ஐந்து ஐந்து மில்லிமீட்டர் மடலுக்கு விட்ட பின்னும் 7 மில்லிமீட்டர் எஞ்சுகிறது. குதுப் ஷா ஏ4 தாளைக் கண்டிலர். கண்டிலர் எனினும் இரண்டும் இவ்வாறு பொருந்தியமையை அறிஞர் கருதுக.

எண்ணியல்

ஒரு வடிவுக்கு எத்தனை ஒட்டு வேண்டும் என்பதைத் தொடங்குமுன் அறிதல் வேண்டும். அறியாதார் பசை தீர்ந்த பின் அறிவர். இதற்கு நாம் யாத்த நூற்பா:

முனையெண் ஒன்றுகுறைய ஒட்டெண் ஆகும்.

என்பது, ஒரு வடிவின் முனைகளை எண்ணி அதனின் ஒன்றைக் கழித்தால் கிடைப்பதே ஒட்டுகளின் எண்ணிக்கை என்றவாறு. எல்லா விளிம்பும் ஒத்த பெட்டி ஒன்றைக் கொள்க. முகம் ஆறு, விளிம்பு பன்னிரண்டு, முனை எட்டு. அதனை ஒரே தாளாக விரித்தால் ஐந்து விளிம்புகள் மடிப்பாக நின்றுவிடும். ஏனை ஏழும் ஒட்டப்பட வேண்டியன. எட்டில் ஒன்று போக ஏழு, நூற்பா பொருந்திற்று. அப்பெட்டியைத் தட்டையாக விரிக்கும் வழிகள் பதினொன்று உள. பதினொன்றிலும் ஒட்டு ஏழே. நாற்கர அடியுடைய கூம்பகத்துக்கு முனை ஐந்து, ஒட்டு நான்கு. நான்கு முக்கோணங்களால் அமைந்ததற்கு முனை நான்கு, ஒட்டு மூன்று. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஆய்லர் என்பார் 18ஆம் நூற்றாண்டில், முனையும் முகமும் கூட்டி விளிம்பைக் கழித்தால் எஞ்சுவது இரண்டு என்று காட்டினார். அவர் பசையைப் பற்றி ஒன்றும் கூறிற்றிலர். அக்குறையை இந்நூற்பா நிரப்பியது.

இதற்குப் புறனடை ஒன்று உண்டு. ஊடே துளையுடைய வடிவுகளுக்கு இது செல்லாது. சார்மினார் நாற்புறமும் வாயில் உடையது. ஆகவே நம் எடுத்துக்காட்டுப் பொருளுக்கு இந்நூற்பா பயன்படாது. பிற பலவற்றுக்குப் பயன்படும்.

தாளியல்

ஒட்டப்படும் பொருளைக் கூறாது ஒட்டைக் கூறுதல் ஆகாது. எழுத்துத்தாள் சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையினது. அது சார்மினாரைத் தாங்காது. 160 முதல் 200 கிராம் வரையிலான கனத்தாளே ஏற்றது. அச்சுக்கடையில் 'கார்டு ஷீட்' என்று கேட்டால்தான் தருவர். 'கனத்தாள்' என்று கேட்ட மாணாக்கன் நெடுநேரம் நிற்பான். அவன் நின்றது நெறி, தராதது கடையின் குறை.

தாளுக்கு நார்ப்போக்கு உண்டு. ஆலையில் கூழ் ஓடும்போது நார்கள் ஓடிய வழியே படிந்து நிற்கும். நிசாம் ஆட்சியில் 1938இல் தோன்றிய சிர்ப்பூர் தாள் ஆலையிலும் அவ்வாறே படிந்தன; அந்த ஆலையால் பெயர் பெற்ற காகஸ்நகர் இன்றும் தெலங்கானாவின் வடகோடியில் உள்ளது. நார்ப்போக்கை அறியும் வழி: தாளை நெட்டில் ஒருமுறையும் குறுக்கில் ஒருமுறையும் மெல்ல வளைக்க. எளிதில் வளையும்போது வளைவின் அச்சு ஓடும் பக்கமே நாரின் பக்கம். நெடுந்தூணை உருட்டும்போது நார் தூணின் நெடுமைக்கு இணையாக நிற்க வேண்டும். மாறி நின்றால் தூண் உருளாது. பல முகம் பட்டுக் கசங்கும். ஏ4 கனத்தாளில் நார் பெரும்பாலும் நெட்டுப்போக்கினது. 28 செ.மீ. தூணும் நெட்டிலேயே அடங்குவதால் ஈண்டு இடர் இல்லை. குதுப் ஷாவைப் பற்றி மேலே கூறியதை மீண்டும் நினைக.

புணர்ச்சிப் பொது

ஒட்டு என்பது இரு தாள்களின் புணர்ச்சி. முன்னரே மேசைமேல் நிற்பது நிலைத்தாள். வலக்கையில் பற்றிக் கொணரப்படுவது வருதாள். இடக்கை வழக்கினர் மாற்றிக் கொள்க, அதனால் வழுவில்லை. மூன்றாமவர் ஒருவர் வருதாளை நீட்டிக்கொண்டு நிற்பாராயின் அவர் புணர்ச்சிக்குப் புறத்தார். அவர் பெரும்பாலும் தந்தையாக இருப்பார்.

இப்புணர்ச்சி இயல்பு, தோன்றல், திரிதல், கெடுதல் என நால்வகைப்படும்.

விளிம்பும் விளிம்பும் யாதொரு மாற்றமும் இன்றி நேரே முட்டி நிற்பது இயல்பு. தாளின் தடிமன் கால் மில்லிமீட்டர். அந்தக் கால் மில்லிமீட்டர் அகலத்திலேயே பசை இட்டு ஒட்ட வேண்டும். ஒட்டினார் சிலர் உளர்; அவர்தம் வடிவுகள் நிற்பதைக் கண்டார் குறைவு. இடையே பிறிதொரு தாள் வந்து இணைப்பது தோன்றல். தன் விளிம்பே மடங்கி மடலாவது திரிதல். தன்னுள் ஒரு கூறு வெட்டுண்டு இடம் விடுவது கெடுதல். இவற்றுள் திரிதலும் தோன்றலும் வழக்கில் மிகுதியாகலின் அவற்றை விரிப்பாம்.

மடல்

விளிம்பின் புறத்தே ஒட்டுதற்பொருட்டு விடப்பட்டு, மடிக்கப்பட்டு, முடிவில் உள்ளே மறைந்துபோகும் தாட்பகுதி மடல் எனப்படும். இதன் இயற்கை அகலம் 5 மில்லிமீட்டர். மடிக்குமுன் மடிப்புக்கோட்டை அழுத்தி வரைதல் வேண்டும். இதற்குரிய கருவி மை வற்றிய எழுதுமுனை. கடையில் புதிய ரீஃபில் வாங்கி அதன் மையைத் தீர்க்கும் பொருட்டு எழுதிக்கொண்டிருத்தல் வேண்டா. இல்லந்தோறும் வற்றியவை உள.

மடலின் முதல் வகை நேர்மடல். நேரான விளிம்பில் நேராக ஓடுவது. இதனைப் பற்றிச் சொல்ல வேண்டுவது ஒன்றுமில்லை.

இரண்டாவது சாய்முனை மடல். மூலையில் இரு மடல்கள் சந்திக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் புடைக்கும். அதனைத் தவிர்க்க ஒவ்வொன்றின் முனையையும் 45 பாகை சாய்த்து வெட்டுக. செங்கோண மூலைக்கு இரண்டு 45 சேர்ந்து 90 ஆதல் கணக்கு. கூர்மூலையாயின் இன்னும் சாய்க்க வேண்டும். எவ்வளவு எனின், மூலைக் கோணத்தில் பாதி. சாய்க்காத மடலைப் பெருந்தன்மையால் விட்டுவைத்தவர், மூலை மூடாமை கண்டு பின்னர்க் கத்தரியை உள்ளே நுழைக்க முயல்வர். அது நுழையாது.

மூன்றாவது குற்றியல் மடல். தன் இயற்கை அளவில் பாதியாய்க் குறுகி 2.5 மில்லிமீட்டராய் நிற்பது. சார்மினார் நெடுந்தூணின் உப்பரிகைகள் போல ஒடுங்கிய உறுப்புகளில் இது வரும். இடத்தாலும் சார்பாலும் குறுகுவதன்றித் தானே குறுகாது. தானே குறுகியிருந்தால் அது வெட்டியவனின் கவனக்குறைவு. அதற்கு இப்பெயர் வழங்குதல் தகாது.

நான்காவது பன்மடல். வளைந்த விளிம்பில் ஒரே மடலை மடிக்க இயலாது. மடித்தால் சுருங்கும், அல்லது கிழியும். ஆகவே அதனைப் பல்வரிசை போல நறுக்கி ஒவ்வொரு பல்லையும் தனித்தனியே மடிக்க வேண்டும். வளைவு இறுகும்தோறும் பல் சிறுகும்; சிறுகும்தோறும் எண்ணிக்கை பெருகும். சார்மினாரின் நான்கு பெருவாயில்களின் வளைவு உட்புறம் முழுவதும் பன்மடலால் ஆவது. வாயில் ஒவ்வொன்றின் அகலம் உண்மையில் 11 மீட்டர். நம் அளவில் 5.5 செ.மீ. அவ்வளைவில் ஒரு புறத்துக்கு முப்பது பல் வைத்தால், வாயில் நான்கு, புறம் இரண்டு என 240 பல். இவ்விருநூற்று நாற்பதையும் ஒரே இருக்கையில் மடித்தவர் அரியர். குவளை வைத்து இடையே தேநீர் பருகுவோர் குவளையைத் தொலைவில் வைக்க.

ஐந்தாவது இல்மடல். மடல் வெட்டுக்கோட்டுக்குப் புறத்தே உள்ளது என்று எண்ணிச் சிறுவர் அதனைத் தாளின் கழிவோடு சேர்த்து வெட்டி எறிந்துவிட, மடலின்றி நிற்கும் விளிம்பு இது. இல்லாத ஒன்றை வகையுள் வைத்தது என்னையெனின், ஒரு நாளில் வெட்டப்படும் மடல்களுள் இல்மடலே எண்ணிக்கையால் மிகுதி என்பதனால் என்க. இதற்கு மருந்து அடுத்து வரும் உடம்படுதாள்.

உடம்படுதாள்

நிலைத்தாளின் விளிம்பும் வருதாளின் விளிம்பும் தம்முள் இயையாவிடத்து, அவற்றை உடன்படுத்த இடையே தோன்றும் பட்டை உடம்படுதாள். அது யகரப்பட்டை, வகரப்பட்டை என இருவகைப்படும். ஒரே தளத்தில் இரு விளிம்பும் முட்டும்போது பின்புறம் தட்டையாக ஒட்டப்படுவது யகரப்பட்டை. மூலையில் இரு முகம் சந்திக்கும்போது நடுவில் மடித்து உள்ளே ஒட்டப்படுவது வகரப்பட்டை. நூற்று முப்பது பாகை போல மூலையும் தளமும் அல்லாத இடத்தில் இரண்டும் வரும். ஏகாரத்தின் முன் இரண்டும் வருதல் போல என்று கொள்க.

மடலா பட்டையா என்ற வழக்கு நெடுநாளையது. ஒரு சாரார் மடலர். எஸ்லிங்கன் நகரத்து ஷ்ரைபர் அச்சகத்தாரின் தாள்களில் ஊறியவருள் பலரும் இப்பக்கத்தார். மடலை அச்சிட்டே தந்துவிட்டால் மாணாக்கன் மறவான் என்பது இவர்தம் துணிபு. மற்றொரு சாரார் பட்டையர். போலந்தில் 1957இல் தொடங்கிய 'மாவி மொடெலாஷ்' இதழின் வழி வளர்ந்தாருள் இப்பக்கம் சாய்ந்தவர் பலர்; மடல் தாளின் முகத்தில் வடு உண்டாக்கும் என்பர்.

இரு சாராரையும் அளந்து தீர்ப்புக் கூறுவல். நெடுந்தூணை உருட்டி மடலால் ஒட்டினால், மேல் விளிம்பு கீழ்த்தாளின்மேல் ஏறி ஒரு தாளளவு தடிப்பு வெளியே தெரியும். தாள் கால் மில்லிமீட்டர். இருநூறு மடங்கு பெருக்கின் உண்மைத் தூணில் அது 5 செ.மீ. தடிப்பு. தூணின் அடி முதல் நுனி வரை 56 மீட்டருக்கு 5 செ.மீ. வரம்பு ஒன்று ஓடுமாயின் குதுப் ஷா அக்கொத்தனை என் செய்திருப்பார் என்பதை மாணாக்கன் தானே உய்த்துணர்க. ஆகலின் தூணுக்குப் பட்டையே முறை. பட்டை உட்புறத்தே மறையும். புறத்தே விளிம்புகள் முட்டி நிற்கும். மூலைகளுக்கு மடலே முறை. மடிப்பு அங்கே மறைவதனால். இவ்வாறு இடம் பிரித்தபின் மடலர்க்கும் பட்டையர்க்கும் பகையில்லை. ஆயினும் அவர் தொடர்வர்.

இனி விளிம்பு வெண்மை. கனத்தாளை வெட்டிய வாயில் உள்ளிருக்கும் வெள்ளை தெரியும். ஒட்டுமுன் அவ்விளிம்பில் ஒத்த நிறத்து ஸ்கெட்ச் பேனாவை ஒருமுறை இழுத்துவிடுக. ஒட்டிய பின் இழுத்தால் பசையில் வழுக்கி முகத்தில் ஏறும்.

பசை மிகும் இடமும் மிகா இடமும்

பசை நான்கு. 1959இல் வந்த ஃபெவிக்காலும் அதன் இனத்தனவும் வெண்பசை. இட்டபோது வெள்ளை, உலர்ந்தபோது நிறமின்மை. மைதாவைக் காய்ச்சிய கூழ்ப்பசை இரண்டாவது. இவ்வூரார் அதனை 'லை' என்பர். நீர் மிகுதியாகலின் தாளை நெளிவிக்கும். நூல் தின்னும் பூச்சிக்கும் விருந்தாகும். அதுபற்றியே நூற்கட்டுநர் அதில் சிறிது மயில்துத்தம் கலப்பர். சிறார் உள்ள வீட்டில் துத்தம் வேண்டா, அது நஞ்சு. மூன்றாவது ரப்பர் வாய்க் குப்பியில் வரும் கோந்து. குப்பியின் வாய் அடைபட்டே இருக்குமாகலின் அதன் பண்புகளை ஆராய்வதற்கு வாய்ப்பு அரிது. நான்காவது தண்டுப்பசை. ஈரம் குறைவு, பரந்த முகங்களுக்கு ஏற்றது, குறுகிய மடலுக்கு ஏலாது.

வெண்பசையை நேரே குப்பியிலிருந்து பிழிதல் கூடாது. சிறு மூடியில் ஊற்றி, பற்குச்சியால் தொட்டு, மடலின்மேல் மெல்லிய படலமாக இழுக்க. மடலின்மேல்தான், முகத்தின்மேல் அன்று. உடனே ஒட்டாது சற்றே பொறுத்துப் பளபளப்பு மங்கும் நிலையில் வைத்தால் தாள் நழுவாது.

இனி மிகும் இடங்கள். மூடப்படும் பெட்டியின் உட்புற மூலைகளில் பசை மிகும். உருட்டிய தூணின் அகத்தே பட்டையின் இரு மருங்கிலும் மிகும். அடித்தட்டையின் கீழ் மிகும். ஒட்டுபவன் மடல் கிழிந்ததை எவரும் காணாது மறைக்க முயலும் இடத்து மிகுதியும் மிகும்.

மிகா இடங்கள்: வாயில் வளைவின் முன் விளிம்பில் மிகாது. நாற்புறத்துக் கடிகாரங்களின்மேல் மிகாது. அவை 1889இல் பொருத்தப்பட்டன, 1591இல் அல்ல என்பதால் தனித் தாளாக வெட்டிக் கடைசியில் ஒட்டப்படுவன. உப்பரிகைக் கைப்பிடியில் மிகாது. கட்டைவிரலின் அடியில் ஒருகாலும் மிகாது. மிகுமாயின் பொருளே திரியும்: நிலைத்தாள் சார்மினாராகவும் வருதாள் விரலாகவும் ஆகி, இந்நூலுள் கூறப்படாத புணர்ச்சி ஒன்று நிகழும்.

ஒட்டியபின் எவ்வளவு நேரம் பற்றியிருத்தல் வேண்டும் என்பதற்கு முன்னோர் தந்த அளவைகள் இரண்டு: கண்ணிமை, கைந்நொடி. இவற்றுள் கைந்நொடி ஈண்டுப் பயன்படாது; இரு கையும் தாளைப் பற்றியிருத்தலின். ஆகவே கண்ணிமை ஒன்றே கொள்ளத்தக்கது. ஐதராபாத்துக் கோடையில், வெயில் நாற்பது பாகை கடந்த பிற்பகலில், நாற்பது இமை போதும். மழை நாளில் இதன் இருமடங்கும் மும்மடங்கும் வேண்டும். கொலு வரும் நாட்கள் மழையின் கடைக்கூறாகலின் இமைகளைக் கணக்கிட வேறொருவரை அமர்த்திக்கொள்க. மின்விசிறியின்கீழ் வைத்தால் விரைவில் உலரும் என்பாரும் உளர். உலர்வதற்குமுன் அது எங்கே பறந்தது என்று தேடுவாரும் அவரே.

வேற்றினப் புணர்ச்சி

தாளும் தாளும் புணர்வது தன்னினம். தாளும் பிறிதும் புணர்வது வேற்றினம். இதற்கு இம்மாநகரில் கண்கூடான சான்று தூல்பேட்டையில் கிடைக்கும். பொங்கல் நாட்களுக்கு முன் அத்தெருக்களில் காற்றாடி செய்வோர் இல்லத்துத் திண்ணைகளில் அமர்ந்திருப்பர். மெல்லிய தாளின் நடுவே நேராக நிற்கும் மூங்கில் குச்சி முழுவதும் தாளோடு ஒட்டப்படும். வில்லாக வளைந்த மற்றொரு குச்சியோ இரு நுனிகளில் மட்டும், சிறு தாள்துண்டு மேலே வைத்து ஒட்டப்படும். இடையே அது விடப்பட்டிருக்கும். காற்று வரும்போது வில் வளைந்து நிமிர வேண்டும். முழுதும் ஒட்டினால் வளையாது, தாள் கிழியும். எங்கே ஒட்டக்கூடாது என்பதை அறிந்து ஒட்டுவது ஒட்டின் உயர்நிலை. நம் மாணாக்கன் இதனை ஒரு பிற்பகல் அங்குச் சென்று நின்று காணுதல் நூறு மடல் ஒட்டுவதினும் நன்று. வாங்காமல் நிற்பவனை அவர் நெடுநேரம் பொறுப்பதில்லை, ஒன்று வாங்குக.

லாட் கடைத்தெருவில் அரக்கைச் சூட்டில் இளக்கி வளையலில் கண்ணாடிக் கல் பதிப்பதும் ஒட்டே எனினும், அது தீயோடு கூடியது, தாளுக்கு ஆகாது. விடுக்க.

பசையில்லாப் புணர்ச்சி

இது கெடுதலுள் அடங்கும். இரு தாள்களும் தத்தம் உயரத்தின் பாதி வரை பிளவுண்டு, ஒன்றன் பிளவில் மற்றொன்று இறங்கிக் குறுக்காக நிற்பது குறுக்குப்பிளவு. பிளவின் அகலம் தாளின் தடிமனுக்கு ஒத்திருக்க வேண்டும். மிகின் ஆடும், குறையின் ஏறாது. மடலை ஒரு கீறலுள் நுழைத்து நிறுத்துவது புகுமடல். இனிப்புப் பெட்டிகளின் மூடி இவ்வகை. பசை வாங்க மறந்தோர் இவ்விரண்டையும் புகழ்வர்.

குற்றம்

குற்றம் பத்து என்பது மரபு. நாம் கண்டவற்றைக் கூறுவாம். பல் முப்பது வேண்டிய வளைவில் பன்னிரண்டு வைப்பது குன்ற ஒட்டல். ஒட்டியது நழுவிற்று என்று அதன்மேலேயே மீண்டும் பசை இடுவது ஒட்டியது ஒட்டல். பழைய படலத்தைச் சுரண்டாமல் புதியது பற்றாது. அச்சிட்ட முகத்தை உள்ளே வைத்து ஒட்டுவது மாறுகொள ஒட்டல். இதனைக் கண்டுபிடிப்பவர் எப்போதும் அடுத்த வீட்டார். சார்மினாரைத் தொடங்கிப் பாதியில் தூண் நன்கு உருண்டது கண்டு அதனை ஏவுகலமாக மாற்றுவது மற்றொன்று விரித்தல். முதல் நெடுந்தூணில் பன்னிரண்டு இதழ்க் குமிழ்முடியும், இரண்டாவதில் எட்டும், மூன்றாவதில் நான்கும், நான்காவதில் கூம்பாகச் சுருட்டிய தாளும் வைப்பது சென்று தேய்ந்து இறுதல். நூல் வழக்கில் அரிதாகிய இக்குற்றம் தாள் வழக்கில் மிகப் பெரிது. நான்காவது தூணைச் சுவரின் பக்கம் திருப்பி வைப்பதனால் அது குற்றமன்று என்றாகிவிடாது.

வீழ்தல் குற்றமா என்ற ஐயம் எழும். 2019 மே திங்களில் உண்மைச் சார்மினாரின் தூண் ஒன்றிலிருந்து சுண்ணப்பூச்சுத் துண்டு கழன்று விழுந்தது. நானூற்று இருபத்தெட்டாம் ஆண்டில் ஒரு துண்டு விழுதல் ஒட்டின் குற்றம் அன்று. ஒன்பது இரவுக்குள் விழுந்தால் குற்றம்.

கடைப்புணர்ச்சி

எல்லா மூடிய வடிவிலும் இறுதியாக ஒட்டப்படும் முகம் ஒன்று உண்டு. அதனை ஒட்டும்போது விரல் உள்ளே இராது. இருந்தால் வெளியே வராது. உள்ளிருந்து அழுத்தும் வழி அற்றுப் புறத்தே மட்டும் அழுத்த வேண்டுதலின், இவ்வொட்டே எல்லாவற்றினும் மெலிந்தது. ஆகவே காணாத பக்கத்தை இதற்கென ஒதுக்குக என்பர். வீடு, வண்டி முதலியவற்றுக்குப் பின்புறம் உண்டு. சார்மினாருக்கோ நாற்புறமும் முன்புறம். ஒவ்வொரு புறமும் வாயிலும் கடிகாரமும் உடையது.

இதற்கு விடை இரண்டு கூறப்படும். மேல்தளத்தைக் கடைசியாக ஒட்டுக என்பார் ஒருவர். மேல்தளத்தில் மேற்குப்புறம் பள்ளிவாசல் உள்ளது. நான்கு தூணும் அதனைச் சூழ நிற்பன. அங்கே பற்குச்சியும் நுழையாது. ஆகவே அவர் கூற்று மறுக்கப்படும். அடித்தட்டையைக் கடைசியாக ஒட்டுக என்பது எம் கொள்கை. வடிவைத் தலைகீழாக்கி, தூண்களின் குமிழ்முடி நசுங்காவண்ணம் நான்கு மூலைக்கும் நான்கு தேநீர்க் குவளையை அடியில் வைத்து, அவற்றுள் முடிகளை இறக்கி நிறுத்துக. குவளைகள் ஒரே உயரமும் வறண்ட அகமும் உடையவாதல் வேண்டும். பின்னர் அடித்தட்டையின் நான்கு மடலிலும் பசை இட்டு, பொருத்தி, அதன்மேல் கனமான நூல் ஒன்றை வைக்க. சொற்பொருள் அகராதி ஏற்றது. அகராதி மிகக் கனமாயின் தூண்கள் குவளைக்குள் முழுதும் இறங்கிவிடுமாகலின் சிற்றகராதியே கொள்க.